ஓய்வுநாளும் ஞாயிறும்: ஒரு சொல்லாராய்ச்சி

தமிழில் சமயப் பொருள் பற்றி எழுதுவோரும் மேடையில் பேசுவோரும் ‘ஓய்வுநாள்’ என்னும் சொல்லை மூன்று பொருளில் வழங்கக் காண்கிறோம். யூதர் வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை போற்றும் புனித நாளும் ஓய்வுநாள். கிறித்தவர் கோயிலுக்குச் செல்லும் ஞாயிறும் ஓய்வுநாள். அலுவலகமும் பள்ளியும் மூடிக்கிடக்கும் வார விடுமுறையும் ஓய்வுநாள். ஒரு சொல் மூன்று பொருளைச் சுமப்பது மொழியில் புதிதன்று. ஆனால், இங்கே ஒரு பொருள் மற்றொன்றை விழுங்கிவிடுகிறது. ஞாயிறுதான் மோசேயின் கட்டளையில் சொல்லப்பட்ட ஏழாம் நாள் என்று மாணவர் எண்ணிக்கொள்கின்றனர். யூதரின் ஓய்வுநாள் வெறும் தடைகள் நிறைந்த இருண்ட நாள் என்றும், வேலை செய்யாது சோம்பியிருக்கும் நாள் என்றும் பெரியோரே பேசுகின்றனர். இவை இரண்டும் பிழை. இப்பிழைகள் எங்கிருந்து வந்தன என்பதை அறிய, சொல்லின் வேரையும் அது கடந்து வந்த வழியையும் காணுதல் வேண்டும்.

சொல்லின் வேர்

எபிரேய மொழியில் இந்நாளின் பெயர் ‘ஷப்பாத்’. இதனோடு சேர்த்து எண்ணப்படும் வினைச்சொல் ‘ஷாவத்’. களைத்துப்போய் இளைப்பாறுவது அதன் முதற்பொருள் அன்று. செய்துகொண்டிருப்பதை நிறுத்துவது, நின்றுபோவது என்பதே முதற்பொருள். வெள்ளத்திற்குப் பின் பகலும் இரவும் இனி நின்றுபோவதில்லை என்று தொடக்க நூல் கூறுமிடத்தும், இஸ்ரவேலர் கானான் நாட்டின் விளைச்சலை உண்டபின் மன்னா நின்றுபோயிற்று என்று யோசுவா நூல் கூறுமிடத்தும் இதே வினைதான் வருகின்றது. பகலும் இரவும் களைத்துப்போவதில்லை. மன்னாவுக்கு இளைப்பு இல்லை. ஆகவே, படைத்தவர் ஏழாம் நாளில் ‘ஷாவத்’ செய்தார் என்றால், அவர் சோர்ந்து படுத்தார் என்று கொள்ளுதல் பொருந்தாது. படைப்பு நிறைவுற்றது; ஆகவே கை நிறுத்தினார் என்பதே கருத்து.

இந்த அளவில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பாராட்டாமல் இருக்க இயலாது. ‘ஓய்தல்’ என்னும் தமிழ் வினை இதற்கு மிகவும் பொருத்தமானது. மழை ஓய்ந்தது என்கிறோம். அலை ஓய்ந்தது என்கிறோம். பேச்சு ஓய்ந்தது என்கிறோம். இவற்றில் களைப்பு என்னும் கருத்து இல்லை. நின்றது என்பதே பொருள். ஆங்கிலத்தில் ‘ரெஸ்ட்’ என்று பெயர்த்தோர் இழந்ததைத் தமிழர் ‘ஓய்’ என்னும் சொல்லால் காத்துக்கொண்டனர். ஆயினும், ‘ஓய்வு’ என்னும் பெயர்ச்சொல் இந்நாளில் வேறு திசையில் நடந்துவிட்டது. ஓய்வு நேரம், ஓய்வூதியம், ஓய்வு பெற்ற அதிகாரி, மருத்துவர் கட்டளையிட்ட ஓய்வு எனப் பழகியபின், ஓய்வுநாள் என்றவுடன் களைப்புத் தீரப் படுத்துறங்கும் நாள் என்றே மனம் கொள்கிறது. வினையில் நின்ற பொருள் பெயரில் நழுவிற்று.

எழுத்துப்பெயர்ப்பாகச் ‘சபாத்து’ என்று எழுதுவோரும் உளர். எழுதலாம். ஆனால் காலணியைக் குறிக்கப் போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த ‘சப்பாத்து’ என்னும் சொல்லோடு அது மயங்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் வேதாகமத்தில் இழந்தவை

1871இல் வெளிவந்த பவர் ஐயரின் பெயர்ப்பின் வழிவந்ததே, சீர்திருத்தச் சபையாரிடம் பெரிதும் வழங்கிவரும் பழைய தமிழ் வேதாகமம். அதன் நடைக்கும் உழைப்புக்கும் தமிழுலகம் கடன்பட்டுள்ளது. எனினும், ஓய்வுநாளைப் பற்றிய மூன்று இடங்களில் மூலத்தின் நுட்பம் தமிழில் வரவில்லை.

முதலாவது, வேலை என்னும் சொல். பத்துக் கட்டளைகளில் விலக்கப்படுவது ‘மெலாகா’. உழைப்பு அல்லது ஊழியம் என்பதற்கு எபிரேயத்தில் ‘அவோதா’ என்று வேறொரு சொல் உண்டு. மெலாகா என்பது ஒன்றைக் கருதி, அதனை ஆக்கி முடிக்கும் தொழில். யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தின் 9ஆம் வசனத்தில் மெலாகாவுக்குக் ‘கிரியை’ என்று எழுதிய பெயர்ப்பாளர், அடுத்த வசனத்திலேயே அதே சொல்லுக்கு ‘வேலை’ என்று எழுதிவிட்டார். படிப்பவர் இரண்டும் ஒன்றே என அறிய வழியில்லை. உடல் வருந்தச் செய்வதே விலக்கப்பட்டது என்று எண்ணுகிறார். யூத மரபிலோ, வீட்டுக்குள்ளே கனத்த நாற்காலியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்துவது மெலாகா அன்று. இரண்டே எழுத்துகளை ஏட்டில் எழுதுவது மெலாகா ஆகும். வருத்தம் அளவுகோல் அன்று, ஆக்கமே அளவுகோல்.

இரண்டாவது, மூச்சு வாங்குதல். ‘உயிர்’, ‘மூச்சு’ எனப் பொருள்படும் ‘நெஃபெஷ்’ என்னும் பெயரோடு உறவுடைய வினை ஒன்று எபிரேய வேதம் முழுவதிலும் மூன்று இடங்களில் மட்டுமே வருகின்றது. மூச்சு மீளப்பெறுதல் என்று அதனைக் கூறலாம். ஓடிக்களைத்த தாவீது மன்னன் மூச்சு மீளப்பெற்றான் என்பது ஓரிடம். அடிமைப் பெண்ணின் மகனும் அயல்நாட்டானும் ஏழாம் நாளில் மூச்சு மீளப்பெற வேண்டும் என்பது மற்றோரிடம். ஏழாம் நாளில் கடவுளே ஓய்ந்து மூச்சு மீளப்பெற்றார் என்பது மூன்றாம் இடம். அண்டத்தைப் படைத்தவருக்கும் அடிமைப் பெண்ணின் பிள்ளைக்கும் ஒரே வினையை அந்நூல் வழங்குகின்றது. இது எளிதில் கடந்துசெல்லத்தக்க செய்தி அன்று. தமிழிலோ, பிள்ளைக்கு ‘இளைப்பாறுதல்’ என்றும் கடவுளுக்குப் ‘பூரித்தல்’ என்றும் இருவேறு சொற்கள் அமைந்தன. கடவுளுக்கு இளைப்பு உண்டோ என்று ஐயுறுவோர்க்கு இடங்கொடாமல் இருக்க அவ்வாறு செய்தனர் போலும். மரியாதை காக்கப்பட்டது, ஒப்புமை மறைந்தது.

மூன்றாவது, எபிரேயர் நிருபம் 4ஆம் அதிகாரம். அங்கே கிரேக்க மூலத்தில் இளைப்பாறுதலைக் குறிக்க ‘கட்டபௌசிஸ்’ என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகின்றது. ஆனால் 9ஆம் வசனத்தில் மட்டும் ஆசிரியர் அச்சொல்லை விட்டு, ‘சப்பத்திஸ்மோஸ்’, அதாவது ஓய்வுநாள் கொண்டாட்டம் என்னும் அரிய சொல்லை அமைக்கிறார். தமிழில் அவ்விடத்தும் ‘இளைப்பாறுகிற காலம்’ என்றே வந்தது. ஓய்வுநாள் என்னும் நூலிழை அங்கே அறுந்துபோயிற்று.

சனியும் ஷப்பாத்தும்

தமிழன் கிழமைகளைக் கோள்களின் பெயரால் வழங்குகிறான். எபிரேயரோ, முதல் நாள், இரண்டாம் நாள் என ஆறாம் நாள் வரை எண்ணிவிட்டு, ஏழாம் நாள் ஒன்றற்கே பெயரிட்டனர். இம்முறையின் சாயலை மலேசிய மாணவன் நாள்தோறும் தன் மலாய்ப் பாடத்தில் காண்கிறான். மலாய் மொழியில் ஞாயிற்றுக்கு ‘அஹாட்’. அரபு மொழியில் ஒன்று என்பது பொருள். ‘இஸ்னின்’ இரண்டு, ‘செலாசா’ மூன்று. சனிக்கு வரும்போது எண் நின்று, ‘சப்து’ என்னும் பெயர் வருகின்றது. அது ஷப்பாத்தின் இனச்சொல்லே. ஸ்பானியரின் ‘சபாதோ’, இத்தாலியரின் ‘சபாத்தோ’, ரஷ்யரின் ‘சுபோத்தா’ ஆகியவையும் அக்குடும்பத்தனவே. ஞாயிற்றைக் குறிக்கும் ‘மிங்கு’ என்னும் மற்றொரு மலாய்ச் சொல்லோ, ஆண்டவருக்குரியது எனப் பொருள்படும் போர்த்துக்கீசிய ‘தொமிங்கோ’விலிருந்து வந்தது. யூதரின் நாளும் கிறித்தவரின் நாளும் வேறு வேறு என்பதற்குச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே சான்று. திங்களை வாரத்தின் தொடக்கமாகக் கொண்டு அச்சிடப்படும் நாட்காட்டியைப் பார்த்து ஞாயிற்றை ஏழாம் நாள் என்று எண்ணுவது அண்மைக் காலப் பழக்கம்.

சனிக்கோள் தீமை தருவது என்னும் எண்ணம் பழைய உலகில் பரவியிருந்தது. ஆகவே உரோமரும் யூதரின் நாளைச் சனித்தெய்வத்தோடு சேர்த்துப் பேசினர். வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அவ்வாறு ஒரு கருத்தைக் குறித்துள்ளார். தத்துவஞானி செனெக்கா, யூதர் தம் வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கை வீணாக்குகின்றனர் என்று பழித்ததாக அகஸ்டின் எழுதுகிறார். சோம்பல் என்னும் பழி அன்றே தொடங்கிவிட்டது. உண்மையில் யூதர் நாளுக்குக் கோளின் பெயரை இடவில்லை. கோளுக்கே நாளின் பெயரை இட்டு, அதனைச் ‘ஷப்பத்தாய்’ என்றனர்.

பாபிலோனிய மொழியில் திங்களின் 15ஆம் நாளாகிய முழுநிலா நாளுக்குச் ‘ஷபத்து’ என்று பெயர் உண்டு. 7, 14, 21, 28 ஆகிய நாள்களில் சில செயல்களை விலக்கும் பட்டியல்களும் அங்கே இருந்தன. இவற்றிற்கும் யூதரின் நாளுக்கும் உறவு உண்டா என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. ஒலி நெருங்கியிருப்பினும் பொருள் நெடுந்தொலைவில் நிற்கின்றது. பாபிலோனியரின் நாள்கள் நிலவைச் சார்ந்தவை. தீய நாள்கள் என அஞ்சத்தக்கவை. ஷப்பாத்தோ, நிலவின் வளர்பிறை தேய்பிறையைக் கருதாமல், ஏழு நாளுக்கொருமுறை தவறாது வருவது. ஏசாயா தீர்க்கதரிசி அதனை மகிழ்ச்சி என்றே அழைக்குமாறு கூறுகிறார்.

அம்மகிழ்ச்சியைக் காண விரும்புவோர் ஒரு யூத இல்லத்தை எண்ணிப் பார்க்கலாம். அவர்தம் நாள் கதிரவன் மறைவதோடு தொடங்குகின்றது. வெள்ளி மாலை, கதிரவன் மறையுமுன் இல்லத்தரசி விளக்கேற்றுகிறாள். வெள்ளிக்கிழமைதோறும் பாலைவனத்தில் இரட்டிப்பாகக் கிடைத்த மன்னாவின் நினைவாக இரண்டு அப்பங்கள் மேசையில் இருக்கின்றன. திராட்சை இரசக் கிண்ணத்தின்மேல் வாழ்த்துக் கூறப்படுகின்றது. 16ஆம் நூற்றாண்டில் சாபேத் நகரில் வாழ்ந்த சாலமோன் அல்கபெத்ஸ் இயற்றிய பாடலால், அந்நாளை மணமகளாக எதிர்கொண்டு அழைக்கின்றனர். மறுநாள் இரவு மூன்று விண்மீன்கள் தோன்றியபின், பின்னல் மெழுகுத்திரியும் நறுமணப் பொருளும் கொண்டு வழியனுப்புகின்றனர். சிங்கப்பூரில் வாட்டர்லூ தெருவில் 1878ஆம் ஆண்டு முதல் விளங்கிவரும் மாகேன் ஆபோத் தொழுகைக் கூடம், இச்சமயம் நமக்கு அயலில் உள்ளதே என்பதை நினைவூட்டும்.

ஒரு கட்டளை, இரு காரணங்கள்

பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் கூறப்படுகின்றன. யாத்திராகமம், இந்நாளை ‘நினை’ என்கிறது. படைப்பு முடிந்து கடவுள் ஓய்ந்ததைக் காரணம் காட்டுகிறது. உபாகமம் ‘கைக்கொள்’ என்கிறது. படைப்பைப் பற்றி ஒன்றும் கூறாமல், எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய் என்பதைக் காரணம் காட்டுகிறது. இரண்டிலும் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, வாயிலுக்குள் தங்கும் அயலான் ஆகியோர் எண்ணிச் சொல்லப்படுகின்றனர். உபாகமம் காளையையும் கழுதையையும் பெயர் சொல்லிச் சேர்க்கின்றது. வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே ஓய்ந்திருக்க வேண்டும் என்று அழுத்திக் கூறுகின்றது.

இக்கட்டளையின் சிறப்பு இங்கேதான் உள்ளது. செல்வர் ஓய்ந்திருப்பதற்கு எந்நாட்டிலும் சட்டம் வேண்டுவதில்லை. பிறர் கட்டளைக்குக் கட்டுப்பட்டு உழைப்பவனுக்கே அது வேண்டும். வீட்டுத்தலைவன் தான் படுத்துக்கொண்டு, வேலையாளை ஏவி வேலை வாங்கினால் ஓய்வுநாள் காத்தவன் ஆகான். ஏழாம் நாளின் கருத்தே ஏழாம் ஆண்டுக்கும் நீண்டது. லேவியராகமம் ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடச் சொல்கிறது. உபாகமம் கடனை விடுவிக்கச் சொல்கிறது. மனிதன், விலங்கு, மண் என மூன்றுக்கும் ஒரே அறம் விரிந்ததைக் காண்க.

விதியும் விலக்கும்

மிஷ்னா என்னும் யூத மறைச்சட்டத் தொகுப்பு, மெலாகாவை நாற்பதில் ஒன்று குறைய, 39 வகையாகப் பிரிக்கின்றது. உழுதல், விதைத்தல், அறுத்தல், மாவு அரைத்தல், நூற்றல், நெய்தல், எழுதுதல், தீ மூட்டுதல் முதலியன அவை. இவற்றைப் பாலைவனத்தில் ஆசரிப்புக் கூடாரம் அமைக்கும் பணிகளோடு பொருத்திக் காட்டுவது மரபு. இப்பட்டியலை மட்டும் படித்துவிட்டு, மனிதனைச் சட்டத்தால் நெருக்கிய சமயம் என்று தீர்ப்பளிப்போர் பலர். பட்டியலை வகுத்த அதே அறிஞர், உயிரைக் காக்கும் கடமை ஓய்வுநாளை மீறும் என்றும் வகுத்தனர் என்பதை அவர்கள் காண்பதில்லை.

அவ்விலக்கு எளிதில் கிடைத்ததன்று. கி.மு. 167ஐ ஒட்டி, அந்தியோக்கஸ் மன்னனின் படை, குகைகளில் ஒளிந்திருந்த யூதரை ஓய்வுநாளில் தாக்கியது. அவர்கள் கல்லெடுத்து எறியவும் மறுத்து ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர் என்று மக்கபேயர் முதல் நூல் கூறும். அதன்பின்னரே, மத்தத்தியாவும் அவர் தோழரும் ஓய்வுநாளில் தாக்கப்பட்டால் எதிர்த்து நிற்பது என முடிவு செய்தனர்.

இயேசுநாதர் ஓய்வுநாளில் நோயாளரைக் குணப்படுத்தியதும், அவர்தம் சீடர் கதிர் கொய்து தின்றதும் எழுப்பிய வழக்கை இப்பின்னணியில் வைத்துப் படித்தல் வேண்டும். ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டாயிற்று என்பது மாற்கு நற்செய்தியில் அவர் கூறிய கருத்து. ஓய்வுநாள் உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் அதன் கையில் அல்லர் என்னும் கருத்தை மேனாசியாவின் மகன் சிமியோன் என்னும் யூத ஆசிரியர் பெயரால் ‘மெகில்தா’ என்னும் உரைநூலும் தருகின்றது. ஆகவே, வழக்கு ஓய்வுநாள் வேண்டுமா வேண்டாவா என்பதன்று. எது உயிர் காப்பது, எதற்கு மறுநாள் வரை பொறுக்கலாம், விலக்களிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதே. ஒரு குடும்பத்தினுள் நிகழ்ந்த வழக்கை இரு பகைவரிடை நிகழ்ந்த போராகச் சித்திரித்தல் முறையன்று.

ஞாயிறு வந்த வழி

முதற் கிறித்தவர் ஓய்வுநாளில் யூதரின் தொழுகைக் கூடங்களுக்குச் சென்றனர். வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கக் கூடினர். வெளிப்படுத்தல் நூலில் ‘ஆண்டவருடைய நாள்’ என்னும் பெயர் தோன்றுகின்றது. கி.பி. 150ஐ ஒட்டி எழுதிய ஜஸ்டின், ஞாயிற்றின் நாளில் சபையார் கூடுவதை விவரித்து, அது படைப்பின் முதல் நாள் என்றும் இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்றும் காரணம் தருகிறார். அன்று வேலை நிறுத்த வேண்டும் என்று அவர் கூறவில்லை. அடிமைகளும் தொழிலாளரும் மிகுந்திருந்த சபையார்க்கு அது இயலாததும் ஆகும்.

ஞாயிற்றோடு ஓய்வைப் பிணைத்தது பேரரசன் கான்ஸ்டன்டைன் 321ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் பிறப்பித்த ஆணை. நடுவரும் நகரமாந்தரும் தொழிலாளரும் ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்திருக்க வேண்டும் என்றது அது. ஆனால், விதைப்புக்கும் கொடிநடவுக்கும் உரிய காலம் தவறலாகாது எனக் கூறி, வேளாண்மை செய்வோர்க்கு விலக்களித்தது. மோசேயின் சட்டமோ, உழவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்வுநாள் காக்கவேண்டும் என்று தனித்தே கட்டளையிட்டிருந்தது. பழைய சட்டம் யாரை முதலில் எண்ணியதோ, அந்த வயல் உழைப்பாளியைப் புதிய ஆணை வெளியே விட்டுவிட்டது. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பாராக.

அதே நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கம், கிறித்தவர் யூதரைப்போல ஓய்வுநாளில் ஓய்ந்திருக்கலாகாது என்றும், இயலுமாயின் ஆண்டவர் நாளில் ஓய்வு கொள்ளலாம் என்றும் விதித்தது. இத்தகைய விதி வேண்டியிருந்தது என்பதே, பலர் சனியையும் காத்துவந்தனர் என்பதைக் காட்டும். எத்தியோப்பியத் திருச்சபையில் 1450இல் ஸாரா யாக்கோபு மன்னன் காலத்துச் சங்கம் சனி, ஞாயிறு இரண்டையும் போற்ற முடிவு செய்தது.

ஆங்கிலத்தில் விளைந்த மயக்கம்

மார்ட்டின் லூதர் 1529இல் எழுதிய ஞானோபதேச நூலில், இக்கட்டளைக்கு ‘ஷப்பாத்’ என்னும் சொல்லை இடாமல், ஜெர்மானிய மொழியில் திருநாள் எனப் பொருள்படும் சொல்லையே இட்டார். இங்கிலாந்தில் நடந்தது வேறு. 1595இல் நிக்கோலாஸ் பௌண்டு என்பவர், ஷப்பாத்தின் கடமை முழுவதும் ஞாயிற்றுக்கு உரியது என்று நூல் எழுதினார். தூய்மைவாதியர் அதனை ஏற்றனர். 1618இல் முதலாம் ஜேம்ஸ் மன்னன் ஞாயிறு வழிபாட்டிற்குப் பின் விளையாட இசைவளித்து ஓர் ஆணை விடுத்தான். சார்லஸ் மன்னன் 1633இல் அதனை மீண்டும் வெளியிட்டான். 1643இல் நாடாளுமன்றம் அவ்வாணை நூலை எரிக்கச் செய்தது. பின்னர் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, ஞாயிற்றைக் கிறித்தவ ஷப்பாத் என்றே கூறிற்று. இவ்வாறு ஆங்கிலத்தில் அச்சொல் ஞாயிற்றின் பெயராயிற்று. கட்டளையின் சொல்லுக்குச் சொல் நிற்க விரும்பிய சிலரோ, சனிக்கே திரும்பினர். 1863இல் அமைந்த ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையார் அவ்வழியினரே. ஆங்கிலம் பேசிய குருமாரிடம் சமயம் கற்ற தமிழர் வழக்கிலும் அம்மயக்கம் புகுந்தது வியப்பன்று.

வழங்கவேண்டிய முறை

தமிழாசிரியர் இதில் செய்யக்கூடியது உண்டு. யூதரின் ஏழாம் நாளைக் குறிக்க ஓய்வுநாள் அல்லது சபாத்து என்னும் சொல்லை வைத்துக்கொள்க. கிறித்தவரின் வழிபாட்டு நாளை ஆண்டவர் நாள் என்றோ ஞாயிறு என்றோ கூறுக. பள்ளி மூடிய நாளுக்கு விடுமுறை என்னும் நல்ல சொல் இருக்கவே இருக்கின்றது. ஓய்வுநாளைப் பாடஞ்சொல்லும்போது, மழை ஓய்ந்தது என்னும் எடுத்துக்காட்டை மாணவர்முன் வைத்தால், எபிரேயச் சொல்லின் பொருள் ஒரு நொடியில் விளங்கும்.

1951இல் ஆபிரகாம் யோசுவா ஹெஷெல் என்னும் யூத அறிஞர், ஷப்பாத்தைப் பற்றி எழுதிய சிறுநூலில், பிற சமயத்தார் இடத்தில் கோயில் எழுப்பியதைப்போல யூதர் காலத்தில் எழுப்பினர் என்னும் கருத்தை விளக்கினார். அது உயர்ந்த கருத்தே. அதனோடு அடிமைப் பெண்ணின் மகனையும் மறவாமல் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். அவன் மூச்சு மீளப்பெறும் உரிமையைத் தலைவனின் இரக்கத்திற்கு விட்டுவிடாமல், கடவுளின் கட்டளையாகவே எழுதிவைத்தது அப்பழஞ்சட்டம். இச்சொல்லை வகுப்பில் எடுத்துரைக்கும் ஆசிரியர், இந்த ஒன்றையேனும் விடாமல் சொல்வாராக.